கோமளா படம் பார்த்த இடம்

சூலூர் கலங்கல் சாலையில் வசிக்கும் கோமளா 1976ஆம் ஆண்டு பிறந்தவர். நூற்பாலை ஒன்றில் கணக்கர். கணவர் அரங்கசாமி, மகள் சாய்ப்ரியா. 2024 பிப்ரவரியில் கோமளாவுக்கு மார்பகப் புற்றுநோய் உறுதியானது. அப்போது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் கூடும்வரை நோயின் பெயரை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று அரங்கசாமி முடிவு செய்தார், கோமளாவும் சரியென்றார். உறவினர்களிடம் தைராய்டு என்றார்கள். கீமோ சிகிச்சையால் முடி கொட்டத் தொடங்குவதற்குள் கோமளா குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு வந்தார். வேண்டுதல் என்றதும் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஓபரா ஒன்றைப் பற்றிச் சொன்னவர் மருத்துவமனை ஆலோசகர் மேக்னா. முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் வெளிநாட்டு நாடகம்; அதைப் படமாக எடுத்திருந்தார்கள். கதாநாயகிக்கும் கோமளாவுக்கு வந்த நோய்தான். ஜூலை முடியும்வரை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாதக்கணக்கில் தன் வாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும் சொல்லை ஒருத்தி ஊரறியப் பாடுகிறாள் என்று கேட்டதிலிருந்து கோமளாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆனால் எங்கே உட்கார்ந்து பார்ப்பது? வீடு கூட்டுக்குடும்பம். செல்பேசியைத் திறந்த சற்று நேரத்தில் கொழுந்தனார் மனைவி பக்கத்தில் அமர்ந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, இந்தம்மா எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டுச்சாமா?"

விளம்பரம் என்று சொல்லி கோமளா அணைத்துவிட்டார். ஆலையில் தோளுக்குப் பின்னால் ஆள் நின்றது. பேருந்திலோ எல்லாம் தெரிந்த முகங்கள்.

ஜூலை 30, கீமோ நாள். மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான், இந்த அறையில் எவரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பது அவருக்கு உறைத்தது. இயர்போனை மாட்டிக்கொண்டு படத்தைத் தொடங்கினார். அடுத்த நாற்காலியில் இருந்த அந்தியூர் நாச்சியம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, தனியாப் பார்த்து அழுவறீங்க. என்னதான் பாடுதுங்க அது?"

கோமளா இயர்போனைக் கழற்றினார். திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரியைப் படித்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"எனக்குக் கேன்சருங்க."

"பாட்டுலயா, உங்களுக்கா?"

"எனக்குந்தானுங்க."

"இங்க எல்லாத்துக்குந்தானுங்க அம்மணி. சத்தமா வைங்க."

நாற்காலிகள் நெருங்கின; மருந்துப் பைகள் தொங்கிய சக்கரக் கம்பிகளும் கூடவே உருண்டு வந்தன. கீமோவில் வாயெல்லாம் புண்ணாக இருக்கையில் இவளால் மட்டும் எப்படி இவ்வளவு உச்சத்தில் பாட முடிகிறது என்று நாச்சியம்மாள் குறைபட்டுக்கொண்டார். கோமளா ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிவந்தார். அந்தச் சொல் வந்த இடங்களில் குரலைத் தாழ்த்தவில்லை.

கடைசிவரை பார்த்தவர்கள்: நோயாளிகள் ஆறு பேர், துணைக்கு வந்தவர்கள் நான்கு பேர், செவிலியர் ஒருவர், ஆக மொத்தம் பதினொரு பேர்.