உருகிப்போன ஒரு ஹொக்கி அணி

ஐஸ் போடுகிற தொழிலில் ஒரு தொல்லை: ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது, பிழை விட்டால் அரங்கம் முழுக்கத் தெரியும். குளிர்தேசத்துக்குப் போய், அங்கேயும் குளிரறைக்குள் வேலை பார்த்த பாவப்பட்டவர்கள் உங்களில் இருந்தால் நான் சொல்வது விளங்கும். தொண்ணூறுகளில், ஜேர்மனியின் ரூர் பகுதியில், ஒரு ஐஸ் ஹொக்கி அணியின் அரங்கில் எனக்கும் என் ஊர்க்காரரான யோகன் அண்ணைக்கும் வேலை. ஆடுகளத்துப் பனியைப் பராமரிக்க வேண்டும், வீரர்களின் உடுப்புத் தோய்க்க வேண்டும். வேலை இருந்தால்தான் விசா நீளும். அணி இருந்தால்தான் வேலை. ஊர் திரும்பி இவ்வளவு காலமாகியும் அந்த அரங்கம் கனவில் வருகிறது. அணிதான் இன்றைக்கு இல்லை.

பல்

என்னுடைய முதல் ஆட்டம் முடிந்து பனித்தூளை வழித்துக்கொண்டிருந்தேன். வேரோடு ஒரு பல் கிடந்தது, இரத்தம்கூடக் காயவில்லை. சண்டைக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவன் நான். இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு பல்லை உடைக்கிறார்கள். அதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு உடைமாற்றும் அறைக்கு ஓடினேன். எங்கள் கனடாக்காரப் பின்கள வீரன் நாக்கால் வாய்க்குள் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தான்.

"என்னுடையது இல்லை. எதிரணியின் பஸ் இன்னும் வெளிக்கிடவில்லை, ஓடிப்போய்க் கேள்."

தேசிக்காய்

பனியைச் சுரண்டிச் சுடுதண்ணீர் ஊற்றிச் சீராக்கப் புது வண்டி வந்தது. புது வாகனத்தை அப்படியே ஓட்ட யோகன் அண்ணைக்கு மனம் வரவில்லை. ஹாம் நகரத்து எங்கள் அம்மன் கோவிலில் பூசையில் வைத்த தேசிக்காய் ஒன்றை, பனியில் இறக்கியவுடன் சில்லுக்குக் கீழே வைத்து ஏற்றினார். "ஒண்டும் நடக்காது, நீ பேசாமல் நில்" என்றார். வண்டி ஊற்றிய சுடுதண்ணீர் உறைந்தபோது சாறும் விதையும் கோல் கம்பத்தடியில் மஞ்சளாக அகப்பட்டுக்கொண்டன. அதைக் கண்டு நடுவர் அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

பனிக்குப் பொறுப்பான ஹோர்ஸ்ட் எங்களைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். விபத்து வராமலிருக்க எங்களுடைய வழக்கம் இது என்று திக்கித் திக்கி ஜேர்மனில் விளக்கினேன். அவர் குனிந்து வண்டியின் சில்லுகளைப் பார்த்தார்.

"நாலு சில்லுக்கும் வைத்தீர்களா?"

பனியன்

இறுதிச் சுற்றுகளில் அணி வென்றுகொண்டேயிருந்தது. இன்னும் மேலே போனால்தான் கடனிலிருந்த அணியைப் பொறுப்பெடுக்க யாராவது வருவார்கள், இல்லாவிட்டால் கலைக்க வேண்டியதுதான் என்று பேச்சு. எனக்கோ கோல்காப்பாளனின் பனியன் நாற்றம் பொறுக்கவில்லை. தோய்த்து, வாசனைத் திரவம் விட்டு, மடித்து வைத்தேன். வெற்றி தொடரும்வரை அதில் தண்ணீரே படக்கூடாது என்பது அவனுடைய நம்பிக்கை என்று யார் கண்டது? முகர்ந்து பார்த்தவன் முகம் வெளுத்துப் போனான். அன்றைக்கு விட்ட கோல்களை எண்ண எனக்கு மனமில்லை.

யோகன் அண்ணை என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, பனியனோட சேர்த்து எங்கட விசாவையும் தோய்ச்சுப்போட்டாய்."

தண்ணீர்

அணி கலைந்ததை வானொலியில்தான் கேட்டோம். போய்ப் பார்த்தால் ஹோர்ஸ்ட் குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார். அதன் இரைச்சல் இல்லாத அரங்கை அதுவரை நான் அறிந்ததில்லை; மூச்சு நின்ற உடம்புக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. பனிக்கடியில் தீட்டியிருந்த அணியின் சின்னம் கரைந்து நீலமாக வடிகாலுக்குப் போனது. மண்டபத்தை நகரசபை எடுத்துக்கொண்டது, தண்ணீரைத் துடைத்துச் சுத்தமாக்க எங்கள் இரண்டு பேரையும் வைத்திருப்பார்கள் என்றார் ஹோர்ஸ்ட்.

அப்போது அணியின் சால்வை போட்ட ஒரு வயதான அம்மா உள்ளே வந்து, குந்தியிருந்து, அந்த நீலத் தண்ணீரை ஜாம் போத்தலில் அள்ளினார். மூடியை இறுக்கிவிட்டு என்னிடம்தான் கேட்டார்.

"குளிர்பெட்டியில் வைத்தால் திரும்பவும் உறையும்தானே?"

ஊரே கூடிக் கத்தி வளர்த்த அணி வடிகாலில் போக, அதைத் துடைத்த எங்களுக்குத்தான் ஜேர்மனி விசாவை நீட்டித் தந்தது.