நேரில் வந்து கூப்பிடாத விருந்து

எங்கள் காட்டூர் வீட்டு மாடியில் ஒரு வருஷம் போலந்துக்காரப் பேராசிரியை ஒருத்தி குடியிருந்தாள். இங்கே கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்த வந்தவள். விடிவதற்குள் பஸ் பிடித்துப் போய், ஜீயபுரத்திலும் ஸ்ரீரங்கத்துப் படித்துறையிலும் காவிரி மணலை அளந்துவிட்டு முழங்கால் சேறோடு திரும்புவாள். பத்து மணிக்கு வகுப்பு. புடவைதான் கட்டுவேன் என்று ஒரே பிடிவாதம், ஆனால் கட்டத் தெரியாது. தினமும் திட்டிக்கொண்டே நான்தான் கொசுவம் பிடித்து விடுவேன்.

ஊர் திரும்பும் முன் தெருவுக்கே விருந்து வைக்க ஆசைப்பட்டாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எல்லோரும் வாருங்கள், நானே சமைக்கிறேன் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நானும்தான்.

ஞாயிறு ஏழு மணி ஆகியும் மாடிப்படியில் செருப்புச் சத்தமே இல்லை. நானே கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் முறுக்கு. தினமும் கொசுவம் பிடிப்பவளை நாலு படி இறங்கி வந்து கூப்பிட முடியாதா?

துணி எடுக்கிற சாக்கில் மேலே போனேன். காந்தி மார்க்கெட் உருளைக்கிழங்கைப் பிசைந்து மாவில் பொதிந்து, கொழுக்கட்டை மாதிரி இரண்டு அண்டா நிறைய வேகவைத்திருந்தாள். பக்கத்தில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, என்னை யாருக்கும் பிடிக்கலையா?"

"அடப் பைத்தியமே! போன்ல போட்டா யாரு வருவாங்க? நேர்ல போய்க் கூப்பிட வேணாமா?" என்று கத்தினேன்.

தட்டில் குங்குமச்சிமிழை வைத்து அவள் கையில் கொடுத்து, வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனேன். கோடி வீட்டு அம்மா கதவைத் திறந்தபோதே பட்டுப்புடவையில் இருந்தாள்.

"வாசலுக்கு வந்து கூப்பிட்டீங்களே, வராம இருப்பமா? நீங்க போங்க, பின்னாடியே வரோம்."

எந்த வீட்டிலும் ராத்திரிச் சமையல் ஆரம்பிக்கவில்லை. தெருவே தலை வாரி, பூ வைத்துக்கொண்டு, கூப்பிடட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எல்லா வீடும் முடிந்து எங்கள் கேட்டைத் திறந்தேன். அவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று தட்டை என் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, நீங்களும் வரணும்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டு, புடவை மாற்ற உள்ளே ஓடினேன்.