கிணற்று உறையை உருட்டி வந்தவன்

மண்ணூரில் ஹாலோ பிளாக் போடுகிற களம் என்னுடையது. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள் தங்கியிருக்கிற லைன் வீடுகள், மேல்மாடியும் சேர்த்து, நான் நின்று கட்டியவை. தண்ணீர் லாரி ஓடுகிறது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பேங்கில் கையெழுத்துப் போடும்போது இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் போடுகிறேன். இடம் தரமாட்டேன் என்றவர்கள், சிமென்ட் மூட்டையைக் கடனுக்குத் தரமாட்டேன் என்றவர்கள், இவனுக்கு எதற்கு இந்த ஆசை என்று டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தவர்கள், எல்லாரையும் தாண்டித்தான் வந்தேன்.

இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. நான் கட்டியது கண்ணுக்குத் தெரிகிறது, மறுக்க முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், ஒன்பது வயதில், நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதை மட்டும் என் குடும்பமே கூடி வேறொருவர் பேரில் எழுதிவிட்டது. வயிறு எரிகிறது.

போன மாதம் ஒரகடத்தில் தங்கச்சி மகள் வீட்டில் விசேஷம். அவளுடைய குழந்தைக்கு முதல் பிறந்தநாள். ஒரு ஹால், ஒரு ரூம், அவ்வளவுதான் வீடு. குழந்தையோ தவழ்ந்தே ஊரைச் சுற்றுகிற ஜாதி. சமையல் மேடைக்கு அடியில் கேஸ் சிலிண்டர் குழாயைப் பிடித்து இழுக்கிறது என்று போனில் ஆர்டர் போட்டு பிளாஸ்டிக் வேலி ஒன்று வாங்கி ஹாலின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்போது தங்கச்சி மகள் சொன்னாள்:

"இதுல இன்னா கீது. எங்கம்மாவுக்கு தாத்தா அந்தக் காலத்துலயே செஞ்சிக் குடுத்தாரு. கிணத்து உறைய உருட்டிக்கினு வந்து வூட்டுக்குள்ள வெச்சி, அதுக்குள்ள புள்ளைய உக்கார வெச்சாராம். தாத்தா இல்லன்னா எங்கம்மாவே இல்ல."

தாத்தா என்று அவள் சொன்னது என் அம்மாவின் தம்பியை, அதாவது என் தாய்மாமனை. மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பல்லில்லாத வாயில் கேக்கைக் குதப்பிக்கொண்டிருந்தார். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. என் தங்கச்சி தலையை ஆட்டினாள். உறைக்குள் உட்கார்ந்திருந்தவளே தலையை ஆட்டினால் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது? அதனால் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எங்களுக்கு ஒரே அறை உள்ள கூரை வீடு. ஒரு மூலையில் தரையோடு அடுப்பு. பின்பக்கம் ஓலைப் படல். அதைத் தள்ளினால் எருக்குழி. அப்பா லாரியில் கிளீனராகப் போனவர், எப்போதாவது வருவார். அம்மா ஊர்ப் பெரிய கழனிக்காரரிடம் நடவுக்கும் களைக்கும் போவாள். பள்ளிக்கூடம் போன நேரம் போக, தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அவள் தூளியில் தூங்குகிற வரைக்கும் வீடு வீடாக இருக்கும். விழித்துவிட்டால் போச்சு. அம்மா பழைய புடவையைக் கிழித்து, அவள் இடுப்பைச் சுற்றி நடுக்கம்பத்தில் கட்டிவிட்டுப் போவாள். இவள் கம்பத்தையே சுற்றிச் சுற்றி வந்து, துணி முழுவதும் சுருண்டு, கடைசியில் மூக்கு கம்பத்தில் முட்ட நின்று அலறுவாள். ஆட்டுக்குட்டி தேவலை. மாமா ஒரு யோசனை சொன்னார். கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரம் இருக்கிறதே, அதைப் பிள்ளைமேல் கவிழ்த்துவிடு என்றார். கவிழ்த்தேன். பஞ்சாரம் நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டது. மாமாவின் யோசனை இதுதான், இது ஒன்றுதான். இதை ஏன் யாரும் விசேஷத்தில் சொல்லவில்லை?

ஒரு நாள் நான் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கிற நேரம், அவள் அடுப்பிடம் போய்விட்டாள். அணைந்த அடுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். சாம்பலுக்கு அடியில் கங்கு இருந்தது. உள்ளங்கை பொத்துப்போயிற்று. சாயங்காலம் அம்மா வந்து பார்த்தாள். என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"ஸ்கூலும் வாணாம் ஒண்ணும் வாணாம். இவள இடுப்புலயே வெச்சிக்கினு இரு" என்றாள்.

என் படிப்பு முடிந்தது அப்படித்தான். பாடம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, மதியச் சோறு போனதில்தான்.

கழனிக்காரர் அப்போது புதிதாகக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். மாமா அங்கே மண் இழுக்கிற வேலையில் இருந்தார். அவருக்குக் கஞ்சி கொண்டுபோவது நான். இடுப்பில் தங்கச்சி, கையில் தூக்கு. கிணற்றில் இறக்குவதற்காக சிமென்ட் உறைகள் வந்து இறங்கியிருந்தன. பெரிய வளையல் மாதிரி இருக்கும், ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவார்கள். இடுப்பு கடுத்ததால், தரையில் படுத்துக் கிடந்த ஓர் உறைக்குள் தங்கச்சியை இறக்கிவிட்டேன். அவள் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றாள். விளிம்பு அவள் அக்குள்வரை வந்தது. ஏறப் பார்த்தாள், முடியவில்லை. உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். இரண்டும் சும்மா இருந்தன. அந்த யோசனை எனக்கு வந்தது அப்போதுதான். யாரும் சொல்லித் தரவில்லை.

ஓரம் உடைந்துபோன உறை ஒன்றைத் தள்ளி, பனைமரத்தில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் மதியம், ஆட்கள் சாப்பிட்டுவிட்டு நிழலில் படுத்த நேரம், தங்கச்சி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அந்த உறையை வண்டிப்பாதையில் உருட்டினேன். தோளைக் கொடுத்துத் தள்ளவேண்டும். வேகம் எடுத்தால் முன்னால் ஓடிக் கல்லைப் போடவேண்டும். ஓர் இடத்தில் அது வாய்க்கால் பக்கம் திரும்பியது. முதுகைக் கொடுத்து நிறுத்தினேன். சிமென்ட் தேய்த்த தழும்பு இன்றைக்கும் முதுகில் இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம். வாசலில் நிமிர்ந்தபடியே நுழைந்தது. உள்ளே வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சாய்த்தேன். வீடே அதிர்ந்தது. தூளியில் இருந்தவள் விழித்து அழுதாள். உட்புறம் சொரசொரப்பு பிள்ளையைக் கிழிக்குமே என்று சாக்கைச் சுற்றி விரித்து, அவளைத் தூக்கி உள்ளே விட்டேன். பிறகு, வெகுநாளைக்கு அப்புறம், நிம்மதியாக உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்.

சாயங்காலம் அம்மா வந்து வாசலில் நின்றாள். உறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கிணற்று மேஸ்திரி வந்துவிட்டார். பின்னாலேயே மாமா. புழுதியில் உறை உருண்ட தடம் பனைமரத்திலிருந்து எங்கள் வாசல்வரை நேராக வந்திருந்தது. அவ்வளவு நேராக உருட்டியிருக்கிறேன் என்று எனக்குள் ஒரே பெருமை.

"யார்ரா இத எட்தாந்தது?" என்றார் மேஸ்திரி.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தேன். அதற்குள் மாமா சொன்னார்: "நான்தான் மேஸ்திரி. ஓரம் ஒடைஞ்சிதானே கெடந்துச்சி. புள்ள அடுப்புல கைய வுட்டுக்கிச்சி. அதான்."

பட்டப்பகலில், என் கண்ணெதிரே, நான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்கிறாரே. "இல்ல, நான்தான் உருட்னேன்" என்று கத்தினேன்.

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "நீயா? காத்தடிச்சா நீயே உருண்டுடுவ."

அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். "பெரியவங்க பேசச்சொல்ல நடுவுல இன்னாடா?"

மேஸ்திரி மாமாவிடம் திரும்பினார். "கேட்டிருந்தா கழனிக்காரரே குடுத்திருப்பாரு. கேக்காம எட்த்தா அதுக்குப் பேரு வேற. நாளையிலர்ந்து வராத." அம்மாவிடம் சொன்னார்: "உன் தம்பி செஞ்சதுக்கு உன்ன ஒண்ணும் சொல்லல. உன் வூட்டு ஆளுங்க கை வெச்சிருந்தா, நீயும் கழனில கால் வெச்சிருக்க முடியாது." ஒடைசல்தானே, கிடக்கட்டும் என்று உறையை எங்களிடமே விட்டுப் போனார்.

மறுநாள் விடியும்போது மாமா ஒரு துணிமூட்டையோடு கிளம்பினார். குன்றத்தூர்ப் பக்கம் ஏதோ செங்கல் சூளைக்கு. என் தலையைத் தடவ வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். பொய் சொன்ன ஆள், வெட்கம் தாங்காமல் ஊரைவிட்டு ஓடுகிறார் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன்.

அதன்பின் தங்கச்சிக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. அந்த உறையின் விளிம்பைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்துதான் நடையே பழகினாள்.

பிறந்தநாள் அன்று பொறுக்க முடியாமல் எழுந்து நின்று, எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். "உருட்டினது அவரு இல்ல. நானு."

மாமா கேக்கை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஆமா, அவன்தான் உருட்னான். நான் எப்ப இல்லன்னேன்?"

அவ்வளவுதான். ஹால் முழுக்கச் சிரிப்பு. "தாத்தாவுக்கு எவ்ளோ பெரிய மனசு பாரு, விட்டுக் குடுக்குறாரு" என்றாள் தங்கச்சி மகள். என் கையில் ஒரு கப் ஐஸ்கிரீமைத் திணித்து உட்காரவைத்தார்கள். உண்மையை அவரே சொன்னார், அதிலும் பேர் அவருக்கே போயிற்று.

களத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கத் தொடங்கிய பிறகுதான், ஒன்பது வயதுப் பையனுக்கு எது புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. மாமா அன்றைக்கு என்னிடமிருந்து பேரைப் பறிக்கவில்லை. திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டார். அம்மாவின் கழனி வேலை தப்பியது, அவருடைய வேலை போனது. அதை நான் மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவரே உருட்டி வந்தார் என்று கதை சொன்னால், அவர் செய்தது என்ன? உடைந்த உறையை எடுத்தார், வேலை போயிற்று, அவ்வளவுதானே? நான் உருட்டினேன் என்று சொன்னால்தான் அவர் செய்ததே தெரியவரும். ஆகவே இனிமேல் யார் வீட்டு விசேஷத்தில் இந்தப் பேச்சு வந்தாலும், முதலில் என் பேரைச் சொல்லுங்கள். மாமா பேரை அதற்கப்புறம் சொல்லுங்கள்.