பிரச்சினை ஒண்டும் இல்ல, சேர்

அப்பாவின் அழைப்பு வந்தால் முதலில் கேட்பது காற்றுதான். பிறகு யாரோ இருமுவது, கதிரை இழுபடுவது, அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களின் முணுமுணுப்பு, இவ்வளவும் கேட்டு முடிந்த பிறகுதான் அவர் குரல் வரும். நான் "அப்பா" என்பேன். ஒரு கணம் கழித்து என் குரலே "அப்பா" என்று எனக்குத் திரும்பி வரும். அது ஓயும்வரை பொறுத்திருந்து பேசவேண்டும் என்பதை ஒன்பது வயதிலேயே பழகிவிட்டேன். சூடேறிய கைப்பேசி காதைச் சுட்டாலும் அம்மா பறிக்கும்வரை விடமாட்டேன்.

அப்பா அப்போது அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிப் போய், அந்த நாட்டுக்காரர் கடலிலேயே பிடித்துக் கொண்டுபோய் வைத்திருந்த ஒரு தீவில், கம்பிவேலிக்குள் இருந்தார். அந்த இடத்துக்கு எங்கள் ஊரில் இரண்டு பெயர். சந்தையில் சனம் சிறை என்ற அர்த்தத்தில் "மறியல்" என்றது. அம்மா "முகாம்" என்றாள். யாராவது மறியல் என்று வாயெடுத்தால் போதும், "மறியலோ? களவெடுத்தவரோ அவர்?" என்று சண்டைக்குப் போய்விடுவாள். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வந்த படகின் எழுத்தோடு ஒரு இலக்கத்தைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள் என்று அப்பா ஒருமுறை வாய்தவறிச் சொன்னபோது மட்டும் அவள் கைப்பேசியை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பாவும் அம்மாவும் யுத்தத்துக்குள் வன்னிக் கரையை விட்டுக் கற்பிட்டிப் பக்கம் வந்து குடியேறியவர்கள். நான் இங்கேதான் பிறந்தேன். அந்தக் காலத்துச் சோதனைச் சாவடிகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா படித்த சிங்கள வசனம் ஒன்றுதான் எங்கள் வீட்டுச் சொத்து: "ப்ரஷ்னயக் நே, சேர்." பிரச்சினை ஒன்றும் இல்லை, ஐயா. சீருடை எதைக் கேட்டாலும் சரி, எங்கே போகிறாய் என்றாலும் பையில் என்ன என்றாலும், முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அதைப் பாலர் பாட்டுக்கு முன்பே படிப்பித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பல் பார்க்க வந்த வெள்ளைக் கோட்டுக்காரரைக் கண்டதும் நான் அதையே ஒப்புவித்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேனாம். வாய் நிறையச் சூத்தைப்பல்லை வைத்துக்கொண்டு பிரச்சினை இல்லை என்ற பிள்ளை! அப்படி ஒரு வளர்ப்பு.

உண்மையில் பிரச்சினை இருந்தது. யுத்தம் முடிந்து, சாவடிகள் குறைந்து, இனிப் பயமில்லை என்று எல்லோரும் சொல்லத் தொடங்கிய பிறகுதான், ஒரு பின்னேரம் மீன் காயவைக்கும் எங்கள் "வாடி"க்கு நாலு பேர் வந்து, விசாரிக்க வேண்டும் என்று அப்பாவைக் கூட்டிப்போனார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. மூன்றாம் நாள் திரும்பி வந்தவருக்கு வலக்கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. வலை இழுக்கிற மனிதனுக்குக் கை எழும்பாவிட்டால் பிறகென்ன இருக்கிறது? அம்மா எண்ணெய் போட்டு உருவிக்கொண்டே என்ன செய்தார்கள் என்று கேட்டாள். "ஒண்டும் இல்லயப்பா. பிரச்சினை ஒண்டும் இல்ல," என்றார். இரண்டாம் முறையும் அவர்கள் தேடி வந்த பிறகு, சிலாபம் போய்வருகிறேன் என்று வெளிக்கிட்டவர், அந்தப் பக்கத்திலிருந்தே படகேறிவிட்டார்.

தீவில் நடந்த முதல் விசாரணையை அவர் அம்மாவுக்குத் துண்டுதுண்டாகச் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் சட்டையில் அடையாளம் குத்திய அதிகாரி. மேசைமேல் வைத்த தொலைபேசிக்குள் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். உன் நாட்டில் உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். சட்டையைக் கண்டதும் அப்பாவின் வாய் தன்பாட்டில் திறந்தது: "பிரச்சினை ஒண்டும் இல்ல, சேர்." மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். அவர்மேல் என்ன பிழை, சொன்னதைச் சொல்வதுதானே அவர் வேலை. அப்பா திடுக்கிட்டு, இல்லை இல்லை என்று கையைக் காட்டுவதற்குள் அது கடதாசியில் ஏறிவிட்டது. பிறகு அவர் சொன்னதெல்லாம் யோசித்துச் சேர்த்த கதை என்று எழுதினார்களாம்.

அம்மா தலையில் கைவைத்தபடி இதைப் போய்ப் பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தாவிடம் சொன்னாள். ராத்தா மன்னாரிலிருந்து ஒரே ஒரு பையோடு துரத்தப்பட்டு வந்து, கரைத்தீவுப் பக்கம் ஓலைக் கொட்டிலில் "அகதி" என்ற பெயரோடு வருடக்கணக்காய் இருந்தவர். சும்மா சொல்லக்கூடாது, அவர் வாய்க்கு ஊரே பயப்படும்.

"வாய மூடிக்கிட்டு இருந்தா நம்மட கஷ்டம் அல்லாஹ்வுக்குத் தெரியும் தங்கச்சி, ஒபீசருக்குத் தெரியுமா? நாங்க கத்தின கத்துலதான் எங்கட முகாமுக்குத் தண்ணி பைப்பு வந்திச்சி. நீங்க என்னண்டா இந்தப் புள்ளைக்கும் அதையே படிச்சிக் குடுக்கிறீங்க!"

அம்மா கேட்டால்தானே. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அழைப்பு வரும். அதற்கு முன் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழக்கூடாது. எல்லாம் நல்லம் எண்டு சொல்ல வேணும். இல்லாட்டி மனுசன் அங்க யோசிச்சு யோசிச்சு விசராகிப் போயிடுவார்," என்பாள். கூரைத் தகரம் காற்றோடு போன கிழமையும் நான் எல்லாம் நல்லம் என்றேன். சாப்பாடு நல்லம், நித்திரை நல்லம் என்று அவரும் சொன்னார். இரண்டு கரையிலும் இருந்துகொண்டு ஆளுக்காள் பொய் சொன்னோம். அன்புதான், வேறென்ன.

அப்படியிருக்கும்போது அந்த நாலு பேரும் மறுபடி வந்தார்கள். வீட்டுக்குள் போய்ப் பெட்டிகளைக் கிளறினார்கள். போகும்போது, பள்ளிச் சீருடையோடு வாசல் படலையில் நின்ற என்னிடம் அப்பா எங்கே என்று ஒருவன் கேட்டான். நான் சிரித்துக்கொண்டு "ப்ரஷ்னயக் நே, சேர்" என்றேன். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

அடுத்த ஞாயிறு அப்பா கைப்பேசியை என்னிடம் கொடுக்கச் சொன்னார். ஒரு சட்டத்தரணி உதவுகிறாராம், இன்னொரு விசாரணை வைக்கப் போகிறார்களாம்.

"பிள்ளை, அம்மா சொல்லமாட்டா. நீ சொல்லு. நான் வெளிக்கிட்ட பிறகு ஆரும் என்னைத் தேடி வந்தவையோ? வந்திருந்தா அதை நான் இங்க சொல்ல வேணும்."

அவர் கேட்டது அம்மாவுக்குக் கேட்கவில்லை. என் முகம் மாறியதை மட்டும் கண்டு, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "இல்லயப்பா. பிரச்சினை ஒண்டும் இல்ல."

ஒரு கணம் கழித்து அது என் குரலிலேயே திரும்பி வந்தது. அது ஓய்ந்த பிறகும் காற்றும் பின்னால் நின்றவர்களின் முணுமுணுப்பும்தான் கேட்டன. கடைசியில், "சரி பிள்ளை. நல்லம்," என்றார்.

இரண்டு மாதத்தில், திரும்பிப் போகச் சம்மதம் என்று அவர் கையெழுத்து வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஒரு வருடமும் ஏழு மாதமும் வேலிக்குள் இருந்துவிட்டு, ஒரு பொலித்தீன் பையோடு வந்து இறங்கினார். விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க விசாரித்தார்கள். அதற்குப் பிறகும் பல தடவை கூப்பிட்டு விசாரித்து, மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். அவரைத் திருப்பி அனுப்பியது என் ஒரு வசனம்தான் என்று நான் நம்பினேன். கோயிலில் சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்லவில்லை. வளர்ந்து வேலைக்குப் போன பிறகும், அவர் வலக்கையை இடக்கையால் தூக்கிக் கொடியில் சட்டை போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இப்போது சாவடி இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். ஜெஸீமா ராத்தா மன்னாருக்கே திரும்பிவிட்டார். அவர் வளவில் யாரோ மதில் எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கைப்பேசி பற்றரி வீங்கி, பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. எங்கள் வாடி நின்ற துண்டு நிலத்தில் ஓலைக் குடில்கள் கட்டி வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். காற்றுக் காலத்தில் நீங்கள் ஆலங்குடாப் பக்கம் வந்தால் கடலுக்கு மேலே வானம் முழுக்கப் பட்டம் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்க உலகமெல்லாம் இருந்து வருகிறார்கள், அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறார்கள். உனக்கு என்ன பிரச்சினை, ஏன் வந்தாய் என்று அவர்களை யாரும் மேசைக்கு முன்னால் இருத்திக் கேட்பதில்லை. நான் ஒரு விடுதியில் வரவேற்பில் வேலை. அப்பா விருந்தாளிகளை டொல்பின் பார்க்கப் படகில் கூட்டிப்போவார். எஞ்சினுக்கு இடக்கை போதும். மொழிபெயர்க்க நானும் ஏறுவேன்.

போன மாதம் அந்த நாட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நல்ல சனம். உங்கள் அப்பா எங்கள் நாட்டுக்கு வந்திருக்கிறாரா, ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று படகில் அந்தப் பெண் மனதாரச் சொன்னாள். அப்பாவிடம் சொன்னேன்.

"இல்லயெண்டு சொல்லு பிள்ளை. ஏன் அதுகளின்ர சந்தோசத்தைக் கெடுப்பான்?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. வேலி, இலக்கம், ஒரு வருடம் ஏழு மாதம், கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் கடலைக் காணாமல் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா எஞ்சினைக் குறைத்தார்.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டியோ?"

"ஓம்." வாய் திறந்ததுதான் திறந்தது என்று மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "அப்பா, அண்டைக்கு ஃபோனில நான் சொன்னது பொய். அவங்கள் வீட்ட வந்தவங்கள்."

"தெரியும்," என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு. "பிரச்சினை ஒண்டும் இல்ல எண்டு நீ சொன்ன உடனேயே விளங்கிச்சு. நான் படிப்பிச்ச வசனமெல்லோ? எப்ப சொல்லுறது எண்டு எனக்குத் தெரியாதோ? அதுதான் கையெழுத்து வச்சனான். உங்க ரெண்டு பேரையும் தனிய விட்டிட்டு அங்க என்னெண்டு இருக்கிறது?"

என் கண்ணைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் பதறிப்போய், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். அப்பாவைப் பார்த்து அதைத் தமிழிலும் சொன்னேன்.