நிலவறையில் அண்ணியின் புளி

1. பங்குனியில் அண்ணி மூன்று புளியமரங்களைக் குத்தகைக்குப் பிடித்தார். தன் பெயரில் அவர் செய்யும் முதல் வியாபாரம் அது.

2. கொட்டை எடுத்த புளியை மூட்டை கட்டி எங்கள் பழைய வீட்டின் நிலவறையில் அடுக்கினார். ஒரு காலத்தில் ராகி கொட்டிவைத்த அறை. கோடையிலும் குளிர்ந்திருக்கும். விலை ஏறியபின் விற்பதாகத் திட்டம்.

3. சித்திரையில் தெருவுக்கு சிமெண்ட் ரோடு வந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டதால் தெரு ஓர் அடி உயர்ந்தது. அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

4. ஆடியில் நிலவறையின் பின்சுவர் நனைந்தது. சுவரோர மூட்டைகளில் புளி கறுத்துக் கசிந்தது. மற்றவற்றை மேலே ஏற்ற வேறு அறையில்லை.

5. அண்ணன் லாரியோடு வடக்கே போயிருந்தான். அண்ணி எனக்குப் போன் செய்தார். “பாப்பா, புளி அழுவுது. வந்து பாரு.”

நான் ஓசூரில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியர். லீவு சொல்லிவிட்டு மாரண்டஹள்ளி பஸ் ஏறினேன்.

ஈரம் அறைக்காற்றிலிருந்து படிகிறதா, சுவர் வழியாக வருகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். அண்ணி படியில் நின்று பார்த்தார்.

“சுவத்துக்குப் பிளாஸ்திரி போட்டாச்சா? ஊசி எப்ப?”

“நாளைக்குத்தாங்க அண்ணி.”

மறுநாள் தாளின் உட்புறம், சுவரைத் தொட்ட பக்கம், முத்து முத்தாக நீர். அப்படியென்றால் தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது.

வெளியே, பின்சுவருக்கும் தெருவுக்கும் நடுவில் வேப்பமரம். எங்கள் தெருவுக்கு அதுதான் மாரியம்மன். ஆடி முழுக்கச் செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் அதன் அடியில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். முன்பு அது தெருவில் இறங்கி ஓடிவிடும். இப்போது தெரு மேடு, எங்கள் சுவர் பள்ளம்.

மரத்தடியிலிருந்து வீட்டுப் பக்கவாட்டில் நிற்கும் தென்னை வரை சின்ன வாய்க்கால் வெட்டினால் போதும். கயிறு கட்டிக் குறித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அத்தை வந்து நின்றார்.

“ஏம்மா இஞ்சினீரு, ஆடியில ஆத்தா காலடியில கடப்பாரை போடுவியா? ஊரு தாங்குமா? ஆவணி வரட்டும்.”

ஆவணி வரை புளி தாங்காது. நான் தரையின் வாட்டம், நீரோட்டம் என்று விளக்க ஆரம்பித்தேன். அண்ணி என் கையைத் தொட்டார்.

“தப்புதாங்க அத்தை. தோண்டலீங்க.”

“பின்ன?”

“தோண்டத்தான கூடாது, மண்ணு கொட்டலாமில்லீங்களா? ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் மேல நடக்கறான், ஆத்தா பள்ளத்துல நிக்கறா. அத மட்டும் ஊரு தாங்குமாங்க?”

அத்தை மரத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார்.

“அதுஞ் சரிதான். மண்ணு?”

“எங்க காட்டுல களிமண்ணு கெடக்குது. ஆளுக்கு ரெண்டு கூடை சொமந்தா ஆச்சு.”

“அடி கெட்டிக்காரி! உம் புளிக்கு எந்தலையில கூடையா?”

“ஆத்தாளுக்குங்க அத்தை. புளி ஓரமாப் பொழச்சுக்கும்.”

அத்தை சிரித்துவிட்டார். அவரே போய் மற்ற வீடுகளைக் கூப்பிட்டார்.

சைட்டில் ஒரு வேலை நின்றால், நின்றதற்கான காரணங்களை நான் வரிசையாக எழுதி மேலே அனுப்புவேன். அண்ணி தடுக்க வந்தவரையே மேஸ்திரியாக்கிவிட்டார். வாய்க்கால் என்ற ஒரே வழியில் நான் முட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்தை வெட்டினாலும் மேட்டைக் கூட்டினாலும் தண்ணீருக்கு ஒன்றுதான் என்பது படித்த எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல அவருக்குத்தான் வாய் வந்தது.

கூடைகளில் வந்த மண், சுவரோரம் உயரமாகவும் தென்னைப் பக்கம் தாழ்வாகவும் விழுந்தது. நான் ரசமட்டம் வைத்து வாட்டம் பார்த்தேன். அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு மண்ணை இறுக்கும் திம்சுக் கட்டையால் இடித்தார். மண்ணைத் தட்டிப்பார்த்து, எங்கே தளர்வு என்று சத்தத்திலேயே சொன்னார். நிலவறைக்குள் பானைகளில் சுட்ட சுண்ணாம்புக் கல் வைத்தேன், அறைக்காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை குடங்கள் வந்தன. ஊற்றிய தண்ணீர் சுவர்ப்பக்கம் திரும்பாமல் தென்னைக்குப் போனது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு அடுப்பு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது ஐப்பசி. பின்சுவரில் தரையை ஒட்டி ஒரு முழம் இன்னும் ஈரமாக இருக்கிறது, மேலே காய்ந்துவிட்டது. கால்பங்கு புளி கறுத்து, பாத்திரம் துலக்கப் போனது. மீதியை அண்ணி தான் சொன்ன விலைக்கே விற்றுவிட்டார். நிலவறை காலியாக இருக்கிறது.