வரப்போகும் படத்தில் எங்கள் தொட்டில்

முக்கூடலில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு பெரிய பழைய வீட்டின் பின்கட்டு. முன்கட்டு பூட்டியே கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். என் கணவர் மஸ்கட்டுக்குப் போகும்போது நான் ஐந்து மாதம். மகள் பிறந்ததைப் போனில் கேட்டார், புகைப்படத்தில் முகம் பார்த்தார். அவ்வளவுதான். மாமியார் களக்காட்டில் மூத்த மகனோடு இருந்தார். "அங்கன தனியா என்ன செய்யுத, இங்கன வந்துரு" என்று அவர் சொல்லியனுப்பும்போதெல்லாம் துணிகளை மடித்துப் பையில் வைப்பேன். மறுநாள் எடுத்துவிடுவேன்.

அந்த முன்கட்டில்தான் படம் எடுக்க வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதையாம். மின்விசிறிகளைக் கழற்றினார்கள், சுவிட்சுகளைப் பலகை வைத்து மறைத்தார்கள். வீடு நிறைய ஆட்கள், சத்தம், டீ வாசனை. எனக்கு அது பிடித்திருந்தது. யாராவது தண்ணீர் கேட்டு வரமாட்டார்களா என்று கதவைச் சாத்தாமல் வைத்திருந்தேன்.

அப்படி வந்த உதவி இயக்குநர் ஒருவர், சேலைத் தொட்டிலில் கிடந்த மகளைப் பார்த்தார். "அக்கா, பாப்பாவை ஒரே ஒரு ஷாட் எடுத்துக்கலாமா? இதே தொட்டிலை முன்னாடி கட்டிக்கிறோம்."

"கதை என்ன?" என்று கேட்டேன்.

"குடும்பக் கதைக்கா."

மஸ்கட்டில் எல்லாப் படமும் காசெட்டில் கிடைக்கும் என்று என் கணவர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. பிள்ளை கொட்டாவி விடுவதை, விரலைச் சப்புவதை அவர் பார்த்துவிடலாம். சரி என்றேன். மாமியாரைக் கேட்டிருக்க வேண்டுமோ என்று அப்புறம்தான் தோன்றியது.

பிள்ளையை எடுத்து முடித்ததும், தூக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்து தொட்டில் மட்டும் ஆட வேண்டுமாம். ஒருவர் ஆட்டுவதற்குக் கை வைத்துவிட்டார்.

வெறுந்தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது. புதிதாகக் கட்டிய தொட்டிலில்கூட முதலில் அம்மிக் குழவியைக் கிடத்தி ஆட்டிய பிறகுதான் எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் போடுவார்கள். நான் இயற்பியல் படித்தவள், ஒன்றும் ஆகிவிடாது என்று தெரியும். தெரிந்தும் சும்மா நிற்க முடியவில்லை. அடுக்களைக்கு ஓடிக் குழவியை எடுத்துவந்து, "இதைப் போட்டு ஆட்டுங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் மட்டும், "இருக்கட்டும்யா, நல்லாத்தான் இருக்கு. உள்ள பாப்பா கிடக்கிற மாதிரியே" என்றார். சேலை தொய்ந்து, கனத்து, மெதுவாக ஆடியது.

படம் தீபாவளிக்கு என்றார்கள். வரவில்லை. பொங்கலுக்கு என்றார்கள். அதற்குள் ஒரு வாரப் பத்திரிகையில் செய்தி வந்தது: ஆற்றங்கரை ஊர் ஒன்றில் முன்பு நடந்த கொலைகள்தான் பாதிக் கதை, மீதி கற்பனை. பக்கத்து வீட்டு மதினியிடம் காட்டினேன். பீடி சுற்றும் கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"அந்தக் கேஸா? எங்க ஐயா சொல்லுவாவ. நகைக்காக வீட்டோட வெட்டிப் போட்டானுவளாம். தொட்டில் பிள்ளையக்கூட விடலியாம்." என் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது. "ஏளா, எதுக்கு இப்படி முழிக்கே? செத்ததாச் சொன்னா ஆயுசு கூடும்லா. ஒம் மவ நூறு வயசு இருந்து ஒன்னையப் பாடாப் படுத்துவா பாரு."

சிரித்துவைத்தேன். தொட்டில் எந்தப் பாதியில் வரும், நடந்ததிலா கற்பனையிலா என்றே அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அவரிடம் சொல்லலாமா? சொன்னால் அங்கே தனியாகக் கிடந்து வருந்துவார். சொல்லாவிட்டால் ஒரு அறை நிறைய ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மருந்துக் கடைக்கு அவர் போன் வரும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காத்திருந்தேன்.

"படம் பொங்கலுக்காம்லா? எம் மவ நடிச்ச படம்னு ரூமுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். காசெட் வந்த அன்னிக்கு பிரியாணி போடுதேன்னுட்டான் ஒருத்தன்."

"அத்தான், ஒண்ணு சொல்லணும்."

இருமல் மருந்து வாங்க ஒருவர் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். "தொட்டில் பைய ஆடும். உள்ள கிடக்கது குழவிக்கல்லு. நம்ம பிள்ளை இல்ல. கேட்டியளா?"

"எது பிள்ளை, எது கல்லுன்னு எனக்கு எப்படித் தெரியும்ளா? நான் அவளத் தொட்டில்ல பாத்ததே இல்லியே" என்றார்.

இடுப்பிலிருந்த பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன். "அவ கிடந்தா எடது காலு சேலைக்கு வெளிய வந்துரும். எத்தன தரம் உள்ள தள்ளுனாலும் வந்துரும்."

"எடது காலு" என்றார். மனப்பாடம் செய்பவரைப் போல இன்னொரு முறையும் சொன்னார். "அப்ப காலு தெரியுத வரைக்கும் பாக்கேன். பெறகு நிறுத்திருதேன். ரிமோட்ட நானே வச்சுக்கிடுதேன்."

லைன் அறுந்துவிட்டது. கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன். கடைக்காரர் பார்த்ததும் வைத்தேன்.

தெருவுக்கு வந்ததும் பிள்ளை இடுப்பில் இருக்க மறுத்து நெளிந்தாள். இறக்கிவிட்டேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்தாள், பிறகு அதையும் விட்டுவிட்டுத் தனியாக நடந்தாள். நடக்கத் தொடங்கி இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று கடை வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன்.