ஐந்து டிகிரிக் குப்பி

மேனேஜரின் ஏசி அறையில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. கையிலேயே இருந்த பேனாவை மேசைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். இருபது வருடம் பைப்பெட் பிடித்தவன் என்று வெளியே பெருமை. உள்ளே நிலைமை இது. லேபில் புதிதாகச் சேருகிறவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். அடுத்து நான் செய்ததை மட்டும் செய்யாதீர்கள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ஹைவேயை ஒட்டி எங்கள் லேப். கிணற்றுத் தண்ணீர் சோதிப்பதுதான் தினசரி வேலை. ஒரு கம்பெனிக்காரர்களுக்கு வேறொன்று தேவைப்பட்டது. குளோரோஃபார்ம் எந்தச் சூட்டில் தண்ணீரில் எவ்வளவு கரையும்? ஐந்து, இருபத்தைந்து, நாற்பது, ஐம்பத்தைந்து டிகிரிகளில் அளந்து தர வேண்டும். மேனேஜர் சுகுமாரன் சார் அதை என்னிடம் தந்தார்.

குப்பியில் தண்ணீர், அதில் கரையக்கூடியதைவிட அதிகமாகக் குளோரோஃபார்ம். அது கனம் என்பதால் மிச்சம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடியைக் கட்டி, சூடு மாறாத தண்ணீர்த் தொட்டியான வாட்டர் பாத்தில் வைத்து, ஒரு நாள் அவ்வப்போது குலுக்கி, அசையாமல் விட்டு, மேலே நிற்கும் தண்ணீரை எடுத்து ஜி.சி. மெஷினில் ஏற்றினால், எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண் வரும். ஐந்து டிகிரிக் குப்பிக்கு மட்டும் ஐஸ் பெட்டி.

மூடி கட்டுவதும் குப்பி கழுவுவதும் ஸ்டெல்லா அக்கா. காரோட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். ஊறுகாய்ப் பரணியின் வாயைக் கட்டுவதுபோல நூலால் மூன்று சுற்று, இரண்டு முடிச்சு.

எண் வந்தது. ஐந்தில் அதிகம். இருபத்தைந்தில் குறைவு. நாற்பதிலும் ஏறவில்லை. ஐம்பத்தைந்து இன்னும் பாக்கி. சூட்டில்தானே கூடுதல் கரைய வேண்டும்? சாயாவில் சீனி போடுகிற எவரைக் கேட்டாலும் சொல்வாரே! திரும்பச் செய்தேன். அதே எண்.

அந்த ஏசி அறையில் சார் தாளைப் பார்த்தார். “எந்தாடே இது? சூடாக்கினா குறையுமா? ஆவியாட்டு போயிருக்கு. யாரு மூடினது?”

“மூடி லூசா இருந்திருக்கும் சார்,” என்றேன். மூடியை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“அப்பம் ஸ்டெல்லா இனி வேண்டாம். இந்த மாசத்தோட நிப்பாட்டியிரலாம்.”

கதவுக்கு வெளியே குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. டிரேயோடு அக்கா நின்றிருந்தார்.

கழுவும் தொட்டிவரை பின்னாலேயே போனேன். அவர் திரும்பவில்லை.

“மக்கா, நீ அந்த மூடிய இழுத்துப் பாத்தியா?”

“இல்லக்கா.”

“பின்ன எப்பிடிப் பறைஞ்ச?”

“பேடிச்சுப் போனேன்.” சாரைக் கண்ட பயம்தான்.

“உனக்க பேடிக்கு எனக்க சோறா போவணும்?”

நான் குழாயைத் திறந்துவிட்டேன். அக்கா குப்பியைத் தேய்த்தபடி முனகினார்: “எல்லாத்தையும் ஒண்ணுபோலத்தான் கெட்டுதேன். அந்த ஐஸ் பெட்டிக் குப்பிதான் வெளிய எடுத்து வச்சா கஞ்சித்தண்ணி கணக்கா கலங்குது. அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லு.”

“என்னக்கா சொன்னிய? கலங்குமா?”

“எல்லாத் தடவையும் உண்டு. நீ சாம்பிள் எடுத்துட்டு அந்தாக்ல போயிருவ. கழுவுதவளுக்குத்தானே தெரியும்.”

ஐஸ் பெட்டிக்கு ஓடினேன்; திரும்பச் செய்த குப்பி இன்னும் அதில் இருந்தது. ஐந்து டிகிரிக் குப்பியின் மேல்தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் விளிம்புவரை எடுத்து இறுக மூடினேன். பளிங்கு மாதிரி இருந்தது. கையுறை போட்ட கைக்குள் பொத்திப் பிடித்தேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். சில நிமிடத்தில் ஒரு வெள்ளை இழை ஓடியது. பிறகு குப்பி முழுக்கக் கலங்கியது. அடியில் பொடிப்பொடியாக மணிகள். அத்தனையும் குளோரோஃபார்ம். மறுபடி ஐஸில் வைத்துக் குலுக்கக் குலுக்கத் தெளிந்தது.

குளிரில் கரைந்திருந்தது, சூடு பட்டதும் இடமில்லாமல் வெளியே வருகிறது. எண் சரி. குளோரோஃபார்மைச் சீனி என்று நினைத்ததுதான் தப்பு.

“அப்பம் எனக்க மூடி?”

“மூடிக்கு ஒரு குறையும் இல்லக்கா. எனக்க வாயத்தான் கெட்டணும்.”

“கொண்டா இஞ்ச. மூணு சுத்துக்கு நூலு உண்டு.” கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

குப்பியையும் ஒரு மக் ஐஸையும் தூக்கிக்கொண்டு சாரிடம் போனேன். தன் கையிலேயே பிடித்துக் கலங்குவதைப் பார்த்தார். “மூடிய நோக்காமலா பறைஞ்ச?” என்றார். ஆமாம் என்றேன். குப்பியை மேசையில் வைத்தார். பிறகு, “நானும் நோக்கலியே,” என்று சொல்லி எழுந்து, தொட்டியருகே தானே நடந்து போனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அக்கா அடுத்த மாதமும் வந்தார். இன்றும் வருகிறார்.

பாக்கியிருந்த ஐம்பத்தைந்தையும் செய்தபோது எண் கொஞ்சம் மேலேறியது. கோடு போட்டுப் பார்த்தால் நடுவில் பள்ளம். இந்த மாதிரித் திரவங்களுக்கு அதுதான் குணம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து ரிஜிஸ்டரில் ஒரு பத்தி கூடுதல்: கழுவும்போது குப்பி எப்படி இருந்தது. அதை அக்காதான் எழுதுவார். எண் கோணலாக வந்தால் நான் முதலில் வாசிப்பது அந்தப் பத்தியை.

வாசிக்காமல் வாயைத் திறந்துவிட்டேனென்றால், தொட்டியருகிலிருந்து குரல் வரும்:

“மக்கா, நூலு எடுக்கட்டா?”